எரிந்த மண்ணில் நட்ட குச்சிகள்: கேமரன் பீக் காட்டுத்தீக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2020 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், கேமரன் பீக் அருகே காடு பற்றிக்கொண்டது. செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த பனி தீயைக் கொஞ்சம் அடக்கியதே தவிர அணைக்கவில்லை. அக்டோபர் காற்றில் அது மறுபடி எழுந்தது. முழுதாகக் கட்டுக்குள் வரும்போது டிசம்பர் 2 ஆகிவிட்டது. எரிந்த பரப்பு 2,08,913 ஏக்கர். அதற்கு முன் அந்த மாநிலத்தில் பதிவான எந்தத் தீயும் இரண்டு லட்சம் ஏக்கரைத் தொட்டதில்லை.

எரிந்தவற்றில் பெரும்பகுதி லாட்ஜ்போல் பைன், ஸ்ப்ரூஸ், ஃபர் மரங்கள் நிறைந்த உயர்மலைக் காடு. பட்டை வண்டு தாக்கி ஆண்டுக்கணக்கில் காய்ந்து நின்ற பைன் மரங்களும் அதில் ஏராளம். இந்தச் சரிவுகளில் இறங்கும் நீர் காஷ் லா பூடர் ஆற்றில் சேருகிறது. ஃபோர்ட் காலின்ஸ், கிரீலி நகரங்கள் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீர். அதனால் தீ அணைந்ததும் எழுந்த முதல் கவலை மரங்களைப் பற்றியது அல்ல, மண்ணைப் பற்றியது. மேல்மண் ஆற்றுக்குள் வந்துவிடுமா? அதோடு என்னென்ன கரைந்து வரும்?

அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. இதே மாநிலத்தில் 2002-இல் எரிந்த ஹேமன் தீயின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தொடர்ந்து அளந்தவர்கள், கடுமையாக எரிந்த இடங்களின் ஓடைகளில் 14 ஆண்டுகள் கழித்தும் நைட்ரேட் உயர்ந்தே இருப்பதைக் கண்டிருந்தார்கள். மண்ணில் விடுபட்ட நைட்ரஜனைப் பிடித்து வைக்க வேர்களும் இல்லை, மட்கிக்கொண்டிருக்கும் மரமும் போதவில்லை. மட்கும் மரம் நைட்ரஜனைப் பிடித்து வைப்பதன் காரணம் எளியது. மரக்கட்டையில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான பங்குக்கு ஒரு பங்குதான். அதைத் தின்னும் பூஞ்சை தனக்கு வேண்டிய நைட்ரஜனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழைகள் வழியாகக் கட்டைக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்படியென்றால் எரிந்த மண்ணில் மரம் மட்குகிறதா, எவ்வளவு வேகத்தில் மட்குகிறது என்பது குடிதண்ணீரைத் தொடும் கேள்வி.

அந்தக் கேள்வியோடு ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழு மலையேறியது. நான் அதில் ஒருவன். பேராசிரியர் ஒருவர், இரண்டு ஆய்வு மாணவர்கள், தீயணைப்புப் பணியில் பல பருவங்கள் இருந்த களப்பணியாளர் ஒருவர், அப்புறம் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட நான்.

2021 கோடை: முதலில் பார்த்தவை

செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைந்த தீக்கடுமை வரைபடம் கையில் இருந்தது. தீக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு வரைந்தது அது. மேலே இருந்து அதில் தெரிவது பெரும்பாலும் மர உச்சிகளின் கதிதான். மண்ணின் கதியைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

லேசாக எரிந்த இடத்தில் சருகு கருகியிருந்தது. அதைக் கையால் விலக்கினால் கீழே பழுப்பு மக்கு அப்படியே இருந்தது. கடுமையாக எரிந்த இடத்தில் விலக்க எதுவுமே இல்லை. சாம்பல், அதன் கீழே நேராகக் கிரானைட் பொடி மண். கையில் எடுத்துப் பிசைந்தால் கட்டியாகச் சேரவில்லை, உதிர்ந்தது. மெல்லிய வேர்கள் எரிந்துபோய், அவை இருந்த இடத்தில் துளைகள் மட்டும் இருந்தன. மேல்மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாக நின்றது. எரிந்தபோது ஆவியான மெழுகுப் பொருள்கள் கீழே குளிர்ந்து மண்துகள்மேல் படிவதால் வரும் குணம் இது. பெரிய கட்டைகள் கிடந்து முழுதாக எரிந்த இடங்களில் மண் செங்கல் நிறமாகியிருந்தது. பார்த்த மாத்திரத்தில், கட்டை எவ்வளவு நீளம் கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

முற்றிலும் செத்த இடம் என்றும் சொல்ல முடியவில்லை. நிற்கும் கரிமரத்தில் காதை வைத்தால் வண்டுப் புழுக்கள் மரத்தை அரிக்கும் சத்தம் கேட்டது. ஈரமான ஒரு பள்ளத்தில் ஆரஞ்சு நிறப் பூஞ்சைப் படலம் பரவியிருந்தது. தீ பட்ட மண்ணில் முதலில் வரும் பைரோனிமா வகை அது. ஆனால் அது மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சை அல்ல. தீயில் செத்த உயிர்களின் எச்சத்தைத் தின்று வாழ்வது.

ஜூலை 20 அன்று எரிந்த பகுதியில் பெய்த கனமழையில் பிளாக் ஹாலோ என்ற ஓடையில் சேறும் கட்டையும் கல்லுமாக வெள்ளம் இறங்கி, பூடர் பள்ளத்தாக்கில் நான்கு பேர் இறந்தார்கள். நாங்கள் அன்று மலையில் இல்லை. அடுத்த சில வாரங்கள் வேலை எதுவும் நடக்கவில்லை, நடத்தவும் மனம் வரவில்லை. நாங்கள் தேர்ந்திருந்த இரண்டு இடங்கள் செங்குத்துச் சரிவில் இருந்தன. மழைக்காலத்தில் அங்கே ஆள் நிற்கக் கூடாது என்று களப்பணியாளர் சொன்னார். உடனே விட்டுவிட்டோம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, எரிந்த காட்டுக் கட்டைகளையே அளப்பதா, வெளியிலிருந்து ஒரே மாதிரி மரத்தைக் கொண்டுவந்து வைப்பதா என்பது. காட்டுக் கட்டை ஒவ்வொன்றும் ஒரு தனிக்கதை. ஒன்று வண்டு அரித்தது, ஒன்று பாதி கரியானது, இன்னொன்று தீக்கு முன்பே உளுத்துப்போனது. மண்ணின் வேறுபாட்டை அறிய வேண்டுமானால் மரம் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க வன மண் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை ஒன்று இருக்கிறது. கணு இல்லாத, சூளையில் உலர்த்திய ஆஸ்பென், லாப்லாலி பைன் மரங்களில் 2.5 சென்டிமீட்டர் சதுரக் குறுக்குவெட்டில் முளைக்குச்சிகள் அறுத்து மண்ணில் வைப்பது அது. அதையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு குச்சியிலிருந்தும் ஒரு துண்டை முன்கூட்டியே வெட்டி, குச்சியின் எண்ணை எழுதி ஆய்வகத்தில் வைத்தோம். பின்னால் வரப்போகும் ஒப்பீடு முழுவதும் அந்தத் துண்டை நம்பித்தான்.

இரண்டாவது முடிவுதான் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. பணமும் ஆள்பலமும் குறைவாக இருந்ததால், குச்சிகளைத் தரையின்மேல் மட்டும் கிடத்தலாம் என்ற யோசனை வந்தது. அது சுலபம், ஒரே நாளில் மூன்று இடம் முடிக்கலாம். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. மரம் கடைசியில் மண்ணுக்குள்தான் போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் வந்தால் பாதி ஆய்வுதான் என்றார். சரி, தரையின்மேல் ஒரு வரிசை, மண்ணுக்குள் செங்குத்தாக ஒரு வரிசை என்று ஏற்பாடு ஆனது. எரியாதது, லேசாக எரிந்தது, கடுமையாக எரிந்தது என மூன்று வகைக்கும் மூன்று மூன்று இடங்கள்.

மண்ணுக்குள் வைப்பது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. குச்சியைச் சுத்தியலால் அடித்து இறக்கக் கூடாது. அடித்தால் மரத்தில் விரிசல் விழும், சுற்றிலும் மண் இறுகும், இரண்டுமே மட்கும் வேகத்தை மாற்றும். சதுர வாயுள்ள இரும்புக் குழாயால் முதலில் குழி எடுத்து, அதில் குச்சியைக் கையால் செருக வேண்டும். கிரானைட் கல்லில் குழாய் முட்டினால் இடத்தை மாற்றி மறுபடி. நாளுக்கு ஒரு இடம்கூட முடியாத நாட்கள் உண்டு. செப்டம்பர் கடைசியில், பனி விழுவதற்குச் சில நாட்கள் முன்பு, கடைசிக் குச்சியை வைத்தோம்.

மூன்றாவது முடிவு எங்கள் தவறு. மண்வெப்பம், ஈரப்பதம் பதியும் டேட்டா லாகர்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டோம். பணம் போதாது என்பது காரணம். முதல் குளிர்காலமும் வசந்தமும் மண்ணுக்குள் எப்படி இருந்தன என்பதற்கு இன்று எங்களிடம் ஒரு எண்கூட இல்லை.

2022: உறைபனியும் மூடாக்கும்

ஜூன் மாதம் பனி உருகிய பின் போய்ப் பார்த்தபோது, கடுமையாக எரிந்த இடங்களில் செருகியிருந்த பல குச்சிகள் சில விரற்கடை மேலே எழும்பியிருந்தன. சருகு மூடிய மண்ணில் இது நடக்கவில்லை. போர்வையில்லாத ஈரமண் இரவில் உறைந்து பகலில் இளகும்போது, ஊசி ஊசியாக வளரும் பனி குச்சியை மேலே தூக்கிவிடுகிறது. மறுபடி அழுத்திச் செருகிவிடலாம் என்று ஒரு மாணவர் கையை வைத்தார், தடுத்தோம். அழுத்தினால் குச்சிக்கும் மண்ணுக்கும் இடையே உருவாகியிருக்கக்கூடிய பூஞ்சை இழைகள் அறுந்துவிடும். எழும்பிய உயரத்தைக் குறித்துக்கொண்டு, மண்ணுக்குள் இருக்கும் பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்தோம்.

அதே கோடையில் இன்னொன்று நடந்தது. ஆற்றைக் காக்க, எரிந்த செங்குத்துச் சரிவுகளில் ஹெலிகாப்டரிலிருந்து மரச்சீவல்களை மூடாக்காகத் தூவும் பணி நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்தால், எங்கள் கடும்தீ இடங்களில் ஒன்றின் பாதியில் சீவல் பரவிக் கிடந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. எங்கள் இடங்களின் வரைபடத்தை அனுமதிக் கடிதத்தோடு கொடுத்ததோடு நிறுத்திவிட்டோம். தூவும் வேலையைத் திட்டமிடுபவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவே இல்லை. தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சீவலைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம் என்பது முதலில் தோன்றிய வழி. எடுத்தால் மேல்மண் கலையும், அதோடு சரிவைக் காக்க வந்த ஒன்றை ஆய்வுக்காக அகற்றுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அந்த இடத்தை மற்றவற்றோடு சேர்க்காமல் பிரித்து வைத்தோம். கையிருப்பில் இருந்த சில குச்சிகளைச் சீவலுக்குக் கீழேயும் அடுத்திருந்த வெறுமண்ணிலும் புதிதாக வைத்தோம். அப்போது டேட்டா லாகர்களும் வந்திருந்தன. அங்கேயும் இரண்டை இறக்கினோம்.

முதல் அறுவடை: எடை கூடிய குச்சிகள்

2022 அக்டோபரில் முதல் தொகுதியை எடுத்தோம். கழுவக் கூடாது, மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டி, 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, எடை போட வேண்டும். எடை போட்டது நான். கடுமையாக எரிந்த மண்ணிலிருந்து வந்த குச்சிகள் பல, வைத்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தன.

அன்று மாலை குழுவில் நடந்த பேச்சை நான் மறக்கவில்லை. தரைமேல் கிடந்த குச்சிகளும் கடும்தீ இடத்தில் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தனவே தவிர மாறவே இல்லை. உள்ளேயும் மட்கவில்லை, வெளியேயும் மட்கவில்லை. தீ பூஞ்சைகளை அழித்துவிட்டது, மண் மலடாகிவிட்டது என்று எழுதிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எண்கள் அப்படித்தான் சொல்வதுபோல் இருந்தன. எல்லோரும் எதிர்பார்த்த முடிவும் அதுதான்.

மரம் மண்ணுக்குள் கிடந்து எடை கூடாது. அப்படிக் கூடினால் வேறேதோ உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு குச்சியிலிருந்தும் ஒரு பகுதியை அரைத்து மஃபிள் உலையில் எரித்து, மிஞ்சும் சாம்பலை எடை போடலாம் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மரத்தில் சாம்பல் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எங்கள் உலையில் மிஞ்சியது அதைவிட வெகு அதிகம். உருப்பெருக்கியில் பார்த்தால் அதில் மின்னும் மைக்காவும் மணலும். உதிரி மண் விரிசல்களுக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கனிம எடையைக் கழித்ததும் 'கூடிய எடை' மறைந்தது. பல ஆஸ்பென் குச்சிகளில் இழப்பு தெரிந்தது.

அதோடு நிற்காமல், களப்பணியாளர் ஒரு வேலை செய்தார். கத்தி முனையால் குச்சியின் ஓரத்தை நெம்பிப் பார்த்தார். நல்ல மரம் நீள நீளச் சிலாம்பாக உரியும். இவற்றில் சில படக்கென்று குறுக்கே உடைந்தன. ஊசியிலைக் காடுகளில் அதிகம் காணப்படும் பழுப்பு அழுகல் பூஞ்சைகள் செல்லுலோஸ் சங்கிலிகளை முதலிலேயே துண்டாக்கிவிடும். எடை குறைவதற்கு வெகு முன்பே மரத்தின் வலிமை போய்விடும். தராசு பார்க்காததைக் கத்தி பார்த்துவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து நசுக்கு வலிமைச் சோதனையையும் சேர்த்துக்கொண்டோம்.

2023, 2024: என்ன தெரிந்தது

அடுத்த இரண்டு இலையுதிர் காலங்களில் எடுத்த தொகுதிகள் படத்தைத் தெளிவாக்கின. கடுமையாக எரிந்த இடங்களில் தரைமேல் கிடந்த குச்சிகள் மூன்று ஆண்டுகளில் மிகக் குறைவாகவே மாறின. அதே இடத்தில், ஒரு சாண் கீழே இருந்த குச்சிகள் எரியாத காட்டின் குச்சிகளுக்குப் பின்தங்கவில்லை. வடக்கு நோக்கிய சரிவுகளில் அவற்றைவிடவும் அதிகம் மட்கியிருந்தன. தெற்கு நோக்கிய வறண்ட சரிவில் மட்டும் பின்தங்கின. ஆஸ்பென் முந்தியது, பைன் பிந்தியது, இது எதிர்பார்த்ததே.

டேட்டா லாகர்கள் இதற்கு விளக்கம் தந்தன. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு மரத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். நிழலே இல்லாத கரிக்காட்டில், தரைமேல் கிடக்கும் குச்சி மழை நின்ற மறுநாளே அதற்குக் கீழே காய்ந்துவிடுகிறது. ஆனால் கொஞ்சம் கீழே கதை தலைகீழ். வெயில் நேராக விழுவதால் மண் வெதுவெதுப்பாகிறது. தண்ணீர் உறிஞ்ச உயிருள்ள மரங்கள் இல்லாததால் பனியுருகிய ஈரம் கோடைக்குள்ளும் தங்குகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

பூஞ்சை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் மண்ணே பதில். மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே எல்லாம் சாம்பலானாலும், உயிரைக் கொல்லும் சூடு பெரும்பாலான இடங்களில் மேற்புறச் சில சென்டிமீட்டர்களோடு நின்றுவிடுகிறது. மிச்சம் காற்றில் வரும் வித்துகள். இதற்கு ஒரு விலக்கு இருந்தது. எங்கள் வரிசைகளில் ஒன்று, தெரியாமல், செங்கல் நிறமான ஒரு கட்டைத் தடத்தைக் கடந்து சென்றது. பெரிய கட்டை பல மணி நேரம் கனன்ற இடம் அது. அங்கே இருந்த குச்சிகள் மூன்றாம் ஆண்டிலும் புதிதாக அறுத்த மரம்போல வெளிறி இருந்தன. ஒரு கை தள்ளி இருந்தவை உளுத்திருந்தன. எங்கள் ஊரில் இப்படி ஒரு குச்சியை மண்ணில் வைத்தால் கறையான் ஓர் ஆண்டுகூட விட்டுவைக்காது, இந்த நுட்பமெல்லாம் கண்ணில் படவே படாது. இந்த உயரத்தின் குளிரில் கறையான் கணக்கில் வராததால்தான் பூஞ்சையின் வேலையைத் தனியாகப் பார்க்க முடிந்தது.

மூடாக்கு விழுந்த இடம் எங்களுக்குக் கிடைத்த எதிர்பாராத பலன். சீவலுக்குக் கீழே மண் வெகுநாள் ஈரமாக இருந்தது. சீவலும் மண்ணும் தொடும் இடத்தில் வெள்ளைப் பூஞ்சை விரிப்பாகப் படர்ந்திருந்தது. மேலடுக்கு மட்டும் உலர்ந்து வெளுத்துக் கிடந்தது. அதைத் தூவியவர்கள் கேட்ட கேள்வி, இது எத்தனை நாள் நிற்கும் என்பது. ஆண்டுக்கணக்கைச் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. மேலே காய்ந்து கிடப்பது நின்று சரிவைக் காக்கும், மண்ணைத் தொட்டது மட்கி நைட்ரஜனைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது, இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தோம்.

மறுபடி செய்தால்

டேட்டா லாகர்களை முதல் நாளே இறக்குவேன், குச்சிகளைக் குறைத்தாவது. செங்கல் மண் தடங்களைத் தற்செயலுக்கு விடாமல் தனி வகையாக வைப்பேன். அவை பரப்பில் சிறியவை, ஆனால் தீயின் உண்மையான ஆழம் அங்கேதான் தெரிகிறது. கனிம எடைக் கழிவை ஆரம்பத்திலிருந்தே செய்வேன். அதைச் செய்யாமல் முதல் ஆண்டு எண்களை வெளியிட்டிருந்தால், மலடு என்ற சொல் எங்கள் பெயரில் அச்சேறியிருக்கும். அதை வைத்து யாராவது விழுந்த கட்டைகளை எல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கலாம். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. கத்தியால் நெம்பிப் பார்க்கும் சோதனையைக் களத்திலேயே, குச்சி ஈரமாக இருக்கும்போதே செய்திருக்க வேண்டும்.

எங்கள் இடங்களின் வரைபடம் இப்போது அந்த மலையில் வேலை செய்யும் ஒவ்வொரு குழுவிடமும் இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் அழைத்து, கையில் இருக்கிறதா என்று கேட்கிறோம்.

கடைசித் தொகுதிக் குச்சிகள் இன்னும் மண்ணில் இருக்கின்றன. நின்றுகொண்டிருந்த கரிமரங்கள் வேர் உளுத்துச் சாயத் தொடங்கிவிட்டன. காற்றடிக்கும் நாளில் உள்ளே போவதில்லை. 2024 அக்டோபரில் போனபோது, வடக்குச் சரிவில் ஒரு பெரிய லாட்ஜ்போல் எங்கள் வரிசைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. அதை நகர்த்தவில்லை. அதன் அடியில் மண்ணுக்குள் இரண்டு குச்சிகள் இருக்கின்றன. எந்தெந்த எண் என்று குறித்துக்கொண்டு இறங்கினோம்.